கம்பி அறுந்தாலும் ஒன்று

தேநீர் இடைவேளை முடிந்து திரும்பி வந்து உட்கார்ந்தபோது வசந்தாமணியின் திரையில் அந்த வெள்ளைக் கட்டம் அதே இடத்தில் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது, அவள் எழுந்து போனதையோ வந்ததையோ கண்டுகொள்ளாமல், கறுப்புத் திரையின் இடது மூலையில், என்ன எழுதப்போகிறாய், எழுது பார்க்கலாம் என்று கேட்பதுபோல. கேட்பதுபோல என்றுகூடச் சொல்ல முடியாது, கேட்கிறவனுக்குப் பதிலில் கொஞ்சமாவது ஆசை இருக்கும், இதற்கு அதுவும் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் இதன் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். சின்னவேடம்பட்டியில் இருக்கிற இந்தக் கம்பெனி சாயப்பட்டறை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்கிறது, அவள் அதில் சோதனைப் பிரிவில் பதினேழு வருடம், ஒரு போர்டைக் கையில் எடுத்தால் எடையிலேயே எந்தப் பாகம் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள் என்று பேர், அந்தப் பேரை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது, இனிமேல் வரப்போகிற போர்டு எல்லாவற்றிலும் லினக்ஸ் ஓடுமாம், அதற்கு சி மொழியில் நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் படிக்கவாவது தெரியவேண்டுமாம், ஆறு நாள் வகுப்பு, தேறாதவர்களைப் பேக்கிங்கிற்கு மாற்றுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்று நான்காவது நாள். ஏசி நேராகப் பிடரியில் அடித்தது. முந்தானையை இழுத்துப் போர்த்தினாள், போர்த்தியதும் கிழவி மாதிரி இருக்கிறோமோ என்று தோன்றி எடுத்துவிட்டாள், எடுத்ததும் மறுபடி குளிர்ந்தது.

மிதுன் பலகைக்கு முன்னால் நின்று கையைத் தேய்த்துக்கொண்டு, "அக்கா, அண்ணா எல்லாரும் கவனிங்க" என்றான், அந்த அக்காவில் ஒரு மண்ணும் இல்லை, அது கடைக்காரன் கூப்பிடுகிற அக்கா. ஆறு வருடம் முன்னால் அவன் வேலைக்குச் சேர்ந்தபோது இவள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள், அடுத்த வருடமே மேனேஜர் ஆனதும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து இனி சார்னு சொல்லிருங்க அக்கா என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள், அன்றைக்கு நாக்கு ஒரு தடவை தடுக்கியது, பிறகு பழகிவிட்டது, பழகிப்போனதுதான் இப்போது எரிச்சலாக இருந்தது. "இதோட அழகே என்னன்னா" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான், "எல்லாமே திறந்திருக்கும். மூடி மறைக்கிற வேலையே கிடையாது. யார் வேணா உள்ள போய்ப் பாக்கலாம்." திறந்திருக்கிறதாம். காலையிலிருந்து மூன்று தடவை இந்தத் திறந்த வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டியிருக்கிறாள், மூன்று தடவையும் பெர்மிஷன் டினைட், அனுமதி இல்லை, போ. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. கண் முன்னால் இருப்பதை இல்லை என்று சாதிக்கிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள், மனிதர்களில். பெரிய அதிகாரி போல முன்னால் சுடோ என்று போட்டுக் கேட்டால் உடனே வழி விடுகிறது, அதையும் பார்த்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் வயரிங் பிரிவுச் சதானந்தம் கொட்டாவி விட்டுக்கொண்டே, "நமக்கு இதெல்லாம் ஏறுமாங்க வசந்தாமணி" என்றார், நமக்கு என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டது ஆறுதலுக்காகத்தான், அவளுக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

பயிற்சி இதுதான்: மேசை மீது ஒரு சின்ன போர்டு, அதிலிருந்து ஒரு சிவப்புக் கம்பி ஒரு சுவிட்சுக்குப் போகிறது, பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. "சுவிட்சை அழுத்தினா உள்ள பிரஷர் இருக்குன்னு வச்சுக்குங்க" என்றான் மிதுன். "கம்பி வர்ற முனை திரையில பூஜ்யம் காட்டும். விட்டுட்டா ஒன்று காட்டும், பிரஷர் இல்லைன்னு அர்த்தம், அப்ப பச்சை எரியும், மூடியைத் திறக்கலாம். நம்ம பழைய சாய மெஷின் போர்டுல இருந்த ஆரம்பகாலத் துண்டுதான், எளிமையா இருக்கும்னு எடுத்து வச்சிருக்கேன்." அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள், நகம் விசையில் இடறியது, அரைப்புள்ளி விட்டுப்போய் எட்டு வரிக்குத் திரையிடம் திட்டு வாங்கினாள், திருத்தினாள், ஓடியது. ஓடியபோது நெஞ்சில் ஒரு துள்ளல் வந்ததை அவளால் மறுக்க முடியவில்லை, அதற்காகத் தன் மீதே கோபம் வந்தது, இத்தனை அவமானத்துக்குப் பிறகு ஒரு பூஜ்யத்துக்கு இப்படி மகிழ்வதா. அழுத்தினாள், பூஜ்யம். விட்டாள், ஒன்று, பச்சை. அழுத்தினாள், பூஜ்யம். பழைய வேலைக் கை சும்மா இருக்காது, எதையும் பிடித்து இழுத்துப் பார்க்கும், அழுத்திக்கொண்டே இருக்கும்போது மறு கை போய்ச் சிவப்புக் கம்பியை லேசாகச் சுண்டியது, கம்பி கழன்று மேசையில் விழுந்தது. திரையில் ஒன்று. பச்சை விளக்கு எரிந்தது. சுவிட்ச் இன்னும் விரலுக்குக் கீழே அழுந்தித்தான் இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பியை மாட்டினாள், பூஜ்யம், பச்சை அணைந்தது. கழற்றினாள், ஒன்று, பச்சை. அழுத்தம் இல்லாவிட்டாலும் ஒன்று, கம்பி அறுந்தாலும் ஒன்று. இரண்டையும் பிரித்துச் சொல்ல இதற்குத் தெரியவில்லை. உள்ளே நூற்று முப்பது டிகிரியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், கம்பி கழன்றிருக்கும், இது சாவகாசமாகப் பச்சை காட்டும், வந்து திற என்று. அப்படி இருக்க முடியாதே. இருக்கவே முடியாது, ஏனென்றால் கம்பியை அவளே பிடுங்கிப் பார்த்திருக்கிறாள், இதே கையால், போன வருடம் மார்ச் இருபத்தைந்தாம் தேதி, விபத்து நடந்த சாய மெஷினில், எம்.டி. நின்றுகொண்டிருந்தார், தொழிற்சாலை ஆய்வாளர் நின்றுகொண்டிருந்தார், இந்த மிதுன் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அவள் கம்பியைப் பிடுங்கினாள், பச்சை எரியவில்லை, மூடியின் பூட்டு விடவில்லை, மூன்று தடவை பிடுங்கினாள், மூன்று தடவையும் விடவில்லை, பிறகுதான் எழுதினாள், கம்பியைத் துண்டித்தாலும் மூடி திறக்காது, போர்டு சரியாக இயங்குகிறது, எல்லாம் சரி, கீழே வ. வசந்தாமணி. எல்லாம் சரி. அந்தக் கையெழுத்து வேண்டும் என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள், பதினேழு வருடத்தில் பழுதான ஒரு போர்டுக்குக் கூடக் கையெழுத்துப் போடாதவள் என்று எம்.டி. ஆய்வாளரிடம் அவளை அறிமுகப்படுத்தினார், அவளுக்கு அன்று கழுத்து நிமிர்ந்தது, அந்த நிமிர்வை இப்போது நினைக்கக் கூசியது, ஏன் கூசுகிறது, நான் பார்த்ததைத்தானே எழுதினேன், பார்த்ததை.

மாதையன் என்ன சொன்னார்? பெருந்துறையில் அந்தச் சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பென்னாகரத்துக்காரர், மார்ச் பதினான்காம் தேதி பச்சை விளக்கைப் பார்த்து மூடியைத் திறந்தார், கொதிதண்ணீர் சீறி இடப்பக்க முகத்திலும் இரண்டு முழங்கையிலும் அடித்தது, இடது கண் போனது. பச்சை எரிஞ்சுது, நான் எதையும் தொடலீங்க என்றார், ஆஸ்பத்திரியில் சொன்னார், ஆய்வாளரிடம் சொன்னார், நான்கு மாதம் கழித்துத் தோல் இன்னும் ரோஜா நிறத்தில் இழுத்துப் பிடித்திருக்க இந்தக் கம்பெனி வாசலுக்கு வந்து, வேலை முடிந்து வெளியே வந்த அவளிடமும் சொன்னார். எப்படியோ அவள் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். "நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாம். நான் இரும்புத் தடியைப் போட்டு நெம்பித் திறந்தேன்னு ஆயிப்போச்சு. நான் எதையும் தொடலீங்கம்மா." அவள் அந்த முகத்தைப் பார்க்காமல் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "நான் பார்த்ததைத்தாங்க எழுதினேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள். பேருந்து வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பொய் சொல்கிற ஆள் என்று அவரை வெறுத்தாள், அவசரக்காரன், உருப்படியைச் சீக்கிரம் இறக்கவேண்டும் என்று நெம்பியிருப்பான், இப்போது பழியை என் போர்டின் மேல் போடப் பார்க்கிறான். வெறுப்பது வசதியாக இருந்தது. இரவில் தூக்கம் வந்தது. கம்பியைப் பிடுங்கினேன், திறக்கவில்லை. அப்படியானால் இது ஏன் திறக்கிறது.

"சார்" என்று கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "கம்பி கழண்டாப் பச்சை எரியுதுங்க." மிதுன் தன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "கம்பியை ஒழுங்கா மாட்டுங்க அக்கா" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். "மாட்டுனாச் சரியா இருக்குதுங்க. அறுந்துபோனா என்ன ஆகும்னு கேக்கறேன். பழைய போர்டுலயும் இப்படித்தான் இருந்துச்சா?" இப்போது அவன் தலை நிமிர்ந்தது. அரை நொடிதான் இருக்கும், அந்த அரை நொடியில் அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்புத் திரை, பிறகு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. "அக்கா, இது வகுப்புக்கான உதாரணம். நிஜ போர்டு வேற. நீங்கதான் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களே, உங்களுக்குத் தெரியாதா? பாடத்தை மட்டும் பாருங்க, நேரம் ஆகுது." நீங்கதான் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களே. அந்த வாக்கியத்தை அவன் மெதுவாக அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான், ஒரு பொருளை வைப்பதுபோல. அவள் முதுகுத்தண்டில் வியர்த்தது, அந்த ஏசியிலும். பயம்தான். அவனைப் பார்த்துப் பயமா, பேக்கிங்கைப் பார்த்துப் பயமா, இல்லை, வேறு ஏதோ. ஆரம்பகாலத் துண்டு என்று சற்று முன்னால் அவன் வாயாலேயே சொன்னான், இப்போது வகுப்பு உதாரணம் என்கிறான். ஆரம்பத்தில் இப்படி இருந்தது என்றால் எப்போது அப்படி ஆனது. எப்போது. அந்த ஒரு வார்த்தை பல்லில் சிக்கிய நார்போல நின்றுகொண்டது, நாக்கு அதையே போய்ப் போய்த் தொட்டது, மிதுன் பலகையில் எழுதியது எதுவும் கண்ணில் ஏறவில்லை. எப்போது ஆனது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன, மிதுன் யாருடனோ பேசிக்கொண்டே முதலில் வெளியே போனான், சதானந்தம் டிபன் பையை எடுத்துக்கொண்டு, "வரலீங்களா?" என்றார். "பின்னாடி வாரேனுங்க" என்றாள். அறை காலியானது. ஏசியின் இரைச்சல் மட்டும். நேற்று ஒரு கட்டளை சொல்லிக்கொடுத்தான், பெருமையாகச் சொல்லிக்கொடுத்தான், நிரலில் யார் எந்த நாளில் எதை மாற்றினாலும் இது எழுதி வைத்துக்கொள்ளும், அழியவே அழியாது, உலகம் முழுக்க இப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்று. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். கிட் லாக். இரண்டே சொல். அவன் எல்லோருக்கும் ஒரே கோப்புறையைத்தான் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தான், பழைய நிரலின் கோப்புறை, அதற்குள் அதன் வரலாறும் சேர்ந்தே வந்திருக்கும் என்று அவன் நினைக்கவில்லையோ, இல்லை, இவர்களில் எவர் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியமோ. தைரியமாகத்தான் இருக்கும். தட்டினாள். திரை நிறையப் பேர்களும் தேதிகளும் வந்து குவிந்தன. ஆங்கிலத் தேதி, ஆங்கில வரி, விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள், நவம்பர், ஜூலை, ஏப்ரல். மார்ச் இருபத்து மூன்று. போன வருடம். பேர், மிதுன். பக்கத்தில் ஒரு வரி, அவள் அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள்: கம்பி அறுந்தால் மூடி திறந்துவிடும் பிழை சரிசெய்யப்பட்டது, சுவிட்சும் மாற்றப்படவேண்டும்.

மார்ச் பதினான்கு அவருக்குக் கண் போனது. இருபத்து மூன்று இவன் திருத்தினான். இருபத்தைந்து அவள் கையெழுத்துப் போட்டாள். மூன்று தேதிகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், வேறு எந்த வரிசையிலும் அவை நிற்கவில்லை. அவள் பிடுங்கிப் பார்த்தது வேறு போர்டு. அதே பெட்டி, அதே எண், உள்ளே வேறு. அன்றைக்கு அந்தச் சுவிட்சில் ஒரு கீறல்கூட இல்லை, சாயத்தண்ணீர் பட்ட கறை இல்லை, ஒன்பது மாதம் பட்டறையில் கிடந்த சாமான் எப்படி இத்தனை சுத்தமாக இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியதே, தோன்றியது, எம்.டி. புகழ்ந்துகொண்டிருந்தார், அதனால் தோன்றியதை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாளா, தெரிந்தே விட்டாளா. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம், அது உண்மைதான், அதைச் சொல்லிக்கொண்டு சாப்பிடப் போகலாம், இன்று தக்காளிச் சாதம். ஆனால் வாசலில் நின்ற ஆளிடம் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியது யார், அதையும் மிதுனா திருத்தி எழுதினான்? கோபம் வந்தது, நன்றாக வந்தது, பதினேழு வருடத்தில் இப்படி வந்ததில்லை, அவன் மேல், எம்.டி. மேல், அந்தச் சுத்தமான சுவிட்சின் மேல், பாராட்டுக்கு வளைந்த தன் கழுத்தின் மேல். அந்த வெள்ளைக் கட்டம் வரியின் கடைசியில் மின்னிக்கொண்டிருந்தது. அதன் மேல் மட்டும் கோபம் இல்லை. அது ஒன்றுதான் கேட்டதும் சொன்னது. கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள், ஒன்று, இரண்டு, தேதி தெளிவாகத் தெரியும்படி மூன்றாவது.

"சாப்பிடப் போகலையா?" மிதுன் கதவருகே நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நடந்து வந்து அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான், பார்த்ததும் அவன் மூச்சு ஒரு தடவை நின்று போனது அவள் காதுக்குக் கேட்டது. "அது ஒரு சாதாரண மேம்பாடு அக்கா. எல்லா கம்பெனியிலயும் செய்யறதுதான்." அவள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டாள். "நானா செய்யலை. மேல இருந்து சொன்னாங்க. எனக்கும் குடும்பம் இருக்கு." குரலைத் தாழ்த்தினான், "ரிப்போர்ட்டுல என் கையெழுத்து இல்லைங்க. உங்க கையெழுத்துதான் இருக்கு. இதை வெளிய எடுத்தா முதல்ல யாரைக் கேப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க." யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அவன் சொன்னது சரிதான், முதலில் அவளைத்தான் கேட்பார்கள். அவன் கை நீண்டு அவள் விசைப்பலகையை நோக்கி வந்தது, சோற்று மணத்தோடு, சாப்பிட்டுவிட்டுக் கழுவிய ஈரத்தோடு. "கையை எடு தம்பி" என்றாள். ஐந்து வருடம் கழித்து அந்தச் சொல் தடுக்காமல் வந்தது. அதில் அன்பு எதுவும் இல்லை. அவன் கையை எடுத்துக்கொண்டான். "கேட்டா நான் சொல்லிக்கிறேன். நான் பார்த்தது இதுன்னு சொல்றேன். இன்னிக்குப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்றேன்." அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், பிறகு வேகமாக வெளியே போனான், மாடிப்படியில் எம்.டி. அறைப் பக்கம் அவன் செருப்புச் சத்தம் ஏறிற்று.

அவன் திரும்பி வர ஐந்து நிமிடம் ஆகலாம். கைப்பேசியில் மாதையனின் எண் இருந்தது, வாசலில் பார்த்த நாளுக்குப் பிறகு ஏழெட்டுத் தடவை அதிலிருந்து அழைப்பு வந்திருந்தது, முதல் தடவை அவர் குரல் கேட்டதுமே துண்டித்துவிட்டாள், தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று அவளே அதற்கு எடுக்காதே என்று பேர் போட்டுச் சேமித்து வைத்திருந்தாள். எடுக்காதே என்பதை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார், ஏன் எடுக்கவேண்டும், நானாக இருந்தால் எடுப்பேனா, என்னவென்று ஆரம்பிப்பது, மன்னிப்புக் கேட்பதா, கேட்டால் அவர் கொடுக்கவேண்டும், கொடுக்கிற வேலையையும் அவர் தலையில் வைப்பதா. "ஆலோ" என்றது ஒரு குரல், பின்னால் ஆடு கத்தியது. "மாதையனுங்களா? நான் கோயமுத்தூருங்க, போர்டு கம்பெனியில வசந்தாமணி." வைத்துவிடுவார் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னாள், "நீங்க எதையும் தொடலீங்க. பச்சை தானா எரிஞ்சிருக்குது. எங்க போர்டுலதான் தப்பு. அதை மாத்தி வச்சு என்கிட்ட டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க, எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருக்கணும். எங்கிட்ட இப்ப அத்தாட்சி இருக்குதுங்க. ஆய்வாளர்கிட்ட நானே நேர்ல போய்ச் சொல்றேன்." திட்டுவார், திட்டட்டும் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. "என் ஊட்டுக்காரியே இன்னும் நம்பலைம்மா" என்றார், மிகவும் மெதுவாக. "அவசரப்பட்டு நீயே கெடுத்துக்கிட்டேன்னு தினமும் சொல்லுவா. இரு, வைக்காத, அவகிட்ட தரேன்." பிறகு கைப்பேசியை விலக்கிக்கொண்டு யாரையோ உரக்கக் கூப்பிடுகிற குரல் கேட்டது. அவள் வைக்கவில்லை. மாடிப்படியில் இரண்டு பேர் இறங்கி வருகிற சத்தம் கேட்டபோதும், அந்தப் பக்கம் ஒரு பெண், "ஆருங்க?" என்று கேட்டபோதும் வைக்கவில்லை. முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.